சமவாய்ப்பு: திறந்துவிட்ட தண்ணீரும் வந்து சேர்ந்த தண்ணீரும்

கும்பகோணத்தில் கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் என்னிடம் கேட்டது இது: "ஒரே கேள்வித்தாள், ஒரே மூன்று மணி நேரம், யார் விடைத்தாள் என்று தெரியாமல் திருத்துகிறார்கள். இதற்கு மேல் என்ன ஐயா சமவாய்ப்பு வேண்டும்? தத்துவம் படித்தவர்கள் ஏன் இதை இன்னும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள்?" கேட்டது சரியான கேள்விதான், தம்பி. நானும் உங்கள் வயதில் இதையே கேட்டவன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் தண்ணீரிலிருந்து தொடங்குகிறேன். நான் பிறந்தது தலைஞாயிறு பக்கம், வெண்ணாற்றுப் பாசனத்தின் கடைமடை, அதாவது தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம். மேட்டூரில் ஜூன் 12-ல் திறந்தால் கல்லணைக்கு மூன்று நான்கு நாளில் தண்ணீர் வந்துவிடும். அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிந்து, வாய்க்காலுக்குள் வாய்க்காலாக இறங்கி எங்கள் ஊருக்கு வந்து சேர எத்தனை நாள் ஆகும் என்று யாரும் தேதி சொல்ல மாட்டார்கள். குறுவை என்பது மேலே இருக்கிற ஊர்க்காரர்கள் பேசுகிற பேச்சு. எங்களுக்குச் சம்பா ஒன்றுதான், அதுவும் பெரும்பாலும் நேரடி விதைப்பு.

தண்ணீர் குறைந்த வருஷத்தில் முறை வைப்பார்கள். ஒவ்வொரு மடைக்கும் நான்கு மணி நேரம். எனக்குப் பத்து வயது இருக்கும், அப்பாவோடு அரிக்கேன் விளக்கைத் தூக்கிக்கொண்டு நடுராத்திரியில் எங்கள் முறைக்குப் போயிருக்கிறேன். முதலில் நுரை வரும், அதோடு வைக்கோல், காய்ந்த சருகு, செத்த தவளை எல்லாம் வரும், அப்புறம்தான் தண்ணீர். வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். வருகிற தண்ணீர் மண்மேல் நிற்காது, வெடிப்புக்குள் இறங்கும். கொடகொடவென்று அது இறங்குகிற சத்தம் இருட்டில் நன்றாகக் கேட்கும். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அப்பா பார்த்துக்கொண்டே நிற்பார். வெடிப்பு குடித்து முடித்து, மண் நனைந்து, கொஞ்சம் தண்ணீர் நிற்க ஆரம்பிக்கும்போது நேரம் முடிந்திருக்கும். அடுத்த ஆள் மடையை அடைக்க வந்து நிற்பார். தலைமடையில் அதே நான்கு மணி நேரத்தில் வயல் வரப்பு தட்டி நிற்கும். எங்களுக்கும் அதே நான்கு மணி நேரம்தான், யாரும் ஒரு நிமிஷம்கூடக் குறைக்கவில்லை.

நீங்கள் சொல்கிற மூன்று மணி நேரம், ஒரே கேள்வித்தாள் எல்லாம் இந்த நான்கு மணி நேரம் மாதிரி. அதில் பொய் இல்லை. சாதி கேட்டு, வீட்டுப் பெயர் கேட்டு வேலை கொடுத்த காலத்தைப் பார்த்தால் அது பெரிய முன்னேற்றம், அதை யாரும் லேசாகப் பேசக்கூடாது. இதை முறைப்படியான சமவாய்ப்பு என்பார்கள்: கதவு எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும், உள்ளே விடுவதற்குத் தகுதி ஒன்றே அளவுகோல். வாதம் இதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

1962-ல் பெர்னார்ட் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி ஒரு கற்பனைச் சமூகத்தைச் சொன்னார். அங்கே போர்வீரர்களுக்குத்தான் எல்லா மதிப்பும். நல்ல உடல் பலம் வேண்டிய வேலை. முன்பெல்லாம் பணக்காரக் குடும்பங்களிலிருந்துதான் வீரர்களை எடுத்தார்கள். சீர்திருத்தம் வந்தது, இனி யார் வேண்டுமானாலும் போட்டியில் கலந்துகொள்ளலாம் என்றார்கள். ஆனால் தேறியவர்கள் மறுபடியும் அதே பணக்காரப் பிள்ளைகள்தான், ஏனென்றால் மற்றவர்கள் வயிற்றுக்கே போதாமல் மெலிந்து கிடந்தார்கள். போட்டியில் மோசடி எதுவும் இல்லை. இதைச் சமவாய்ப்பு என்று சொல்ல முடியுமா என்பதுதான் அவர் கேட்டது. சத்துணவை யோசித்துப் பாருங்கள். 1956-ல் காமராஜர் மதிய உணவு கொண்டுவந்தபோதும், 1982-ல் எம்.ஜி.ஆர். அதை விரிவாக்கியபோதும், தேர்வு விதியில் ஒரு வரிகூட மாறவில்லை. மாறியது யார் பள்ளிக்கு வந்து உட்கார முடிந்தது என்பது. வில்லியம்ஸின் கேள்விக்குத் தமிழ்நாட்டில் சோற்றுத் தட்டில் ஒரு பதில் இருந்தது என்று நான் வகுப்பில் சொல்வது உண்டு.

அடுத்து அமெரிக்கத் தத்துவவாதி ஜான் ரால்ஸ், 1971. இந்த விஷயத்தில் இவரைத் தாண்டி யாரும் போக முடியாது, எதிர்ப்பவர்கள்கூட இவரிடமிருந்துதான் தொடங்குகிறார்கள். அவர் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, ஒரே திறமையும் அதைப் பயன்படுத்த அதே விருப்பமும் உள்ள இரண்டு பிள்ளைகளுக்கு, எந்த வீட்டில் பிறந்தார்கள் என்பதைப் பொருட்படுத்தாமல், வாழ்க்கையில் ஒரே அளவு வாய்ப்பு இருக்க வேண்டும். கதவு திறந்திருந்தால் மட்டும் போதாது. இரண்டாவது, விதி எழுதுகிறவர் தான் யாராகப் பிறக்கப் போகிறோம் என்று தெரியாமல் எழுத வேண்டும். நம் ஊர் பாஷையில் சொன்னால், எந்த மடையில் நமக்கு வயல் விழும் என்று தெரியாமல் முறை எழுதுவது. அப்படி எழுதச் சொன்னால் கடைமடையை யாரும் மறக்க மாட்டார்கள் இல்லையா?

ஆனால் ரால்ஸ் அதோடு நிற்கவில்லை. பிறவித் திறமையே ஒருவர் சம்பாதித்தது அல்ல என்றார். இன்னும் ஒரு படி மேலே போய், உழைக்க வேண்டும் என்ற அந்த மனசுகூட வீட்டையும் சூழ்நிலையையும் பொறுத்து வருவது என்றார். இந்த இடத்தில்தான் பலருக்குக் கோபம் வரும். எனக்கும் வந்தது. நான் உழைத்துத்தான் படித்தேன், அதை யாரோ ஒருவர் உன்னுடையது இல்லை என்றால் எப்படி?

என் வகுப்பில் ஒருவன் இருந்தான். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தெரு, தலித் குடும்பம். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரன். களத்தில் நெல் அளக்கும்போது மரக்கால் கணக்கைக் கலமாக்கி, அதில் கூலியைக் கழித்து, மனசுக்குள்ளேயே சொல்லிவிடுவான், கணக்கப்பிள்ளை காகிதத்தில் போட்டு முடிப்பதற்கு முன்னால். நடவுக்கு அம்மாவோடு போவான், அறுவடைக்கு அப்பாவோடு போவான், அந்த நாள்களில் வகுப்புக்கு வரமாட்டான். திரும்பி வரும்போது பாடம் எங்கேயோ போயிருக்கும். எங்கள் வீட்டில் அப்பத்தாவுக்கே எழுதப் படிக்கத் தெரியும். நான் படிக்கவில்லை என்றால் அடி விழும், படித்தால் அடுத்தது என்ன என்று சொல்ல மாமா ஒருவர் திருவாரூரில் இருந்தார். அவன் படித்தால் அடுத்தது என்ன என்று சொல்ல அவன் தெருவிலேயே யாரும் இல்லை. படித்து என்ன ஆகப்போகிறது என்று அவன் ஒருநாள் மதகுக் கட்டையில் உட்கார்ந்துகொண்டு கேட்டான். அதைச் சோம்பேறித்தனம் என்று ஆசிரியர் சொன்னார். ஒன்பதாவதோடு நின்றுவிட்டான், இன்று திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். கடைமடை ஊருக்குள்ளேயே ஒரு தலைமடை இருந்தது, அதில் நான் இருந்தேன். என் உழைப்பு பொய் இல்லை. ஆனால் உழைத்தால் பலன் வரும் என்று நம்புவதற்கு எனக்குக் காரணம் இருந்தது, அவனுக்கு அது கிடைக்கவில்லை. ரால்ஸ் சொன்னதை நான் ஒத்துக்கொண்டது புத்தகத்தால் இல்லை, அவனால்.

அப்படியானால் குடும்பத்தை என்ன செய்வது? இதுதான் இந்த விவாதத்திலேயே கடினமான முடிச்சு. குடும்பம் என்று ஒன்று இருக்கும்வரை சமவாய்ப்பு முழுதாக நடக்காது என்று ரால்ஸே ஒத்துக்கொண்டார். 1983-ல் ஜேம்ஸ் ஃபிஷ்கின் இதைக் கூர்மையாக்கினார்: தகுதிப்படி தேர்வு, எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமான எதிர்காலம், தன் பிள்ளையைத் தன் விருப்பப்படி வளர்க்கும் பெற்றோரின் உரிமை. இந்த மூன்றில் எந்த இரண்டை முழுதாகப் பிடித்தாலும் மூன்றாவது கையைவிட்டுப் போய்விடும். அப்பத்தா எனக்குக் கதை சொன்னதைத் தடுக்க யாருக்கும் உரிமை இல்லை, தடுக்கவும் கூடாது. ஆனால் அந்தக் கதைகளில் வந்த சொற்களெல்லாம் பின்னால் தேர்வில் எனக்கு மதிப்பெண்ணாக மாறின. இதற்கு யாரிடமும் முழுத் தீர்வு இல்லை.

முழுத் தீர்வு இல்லை என்பதால் எதுவுமே செய்ய முடியாது என்று ஆகிவிடாது, அதையும் சொல்லிவிடுகிறேன். குடும்பத்தின் பிடியை அரசு தளர்த்தலாம், அல்லது இறுக்கலாம். 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் ஞாபகம் இருக்கிறதா? கிராமப் பள்ளிகளில் பாதி நேரம் பாடம், மீதி நேரம் அப்பா செய்கிற தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும். இருக்கிற காசில் நிறையப் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது அவர் தரப்பு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பண்ணையாள் மகன் மீதி நேரத்தில் எதைக் கற்றுக்கொள்வான்? தஞ்சை ஜில்லாவில் அந்தக் கேள்விக்குப் பதில் எல்லோருக்கும் தெரியும். குலக்கல்வி என்று மக்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள், 1954-ல் காமராஜர் முதல்வரானதும் அது போயிற்று. பிறந்த வீட்டையே பாடத்திட்டமாக்குவது எதிர்த்திசையில் போவது, அதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது.

இன்னொரு கிளை வாதம், அதிர்ஷ்டத்தைப் பற்றியது. 1981-ல் ரொனால்ட் டுவோர்கின் என்ற தத்துவவாதி ஒரு பிரிவு செய்தார்: நாமே தெரிந்து எடுத்த ரிஸ்க்கில் வரும் நஷ்டம் வேறு, தலையில் வந்து விழுகிற நஷ்டம் வேறு. முதலாவதை நாமே சுமக்க வேண்டும், இரண்டாவதைச் சமூகம் பகிர்ந்துகொள்ள வேண்டும். கேட்க நியாயமாக இருக்கும். இப்போது பேராவூரணிக்கு வாருங்கள். 2018 நவம்பர் 16, கஜா புயல். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னை மரங்கள் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. நெல்லாக இருந்தால் ஒரு போகம் போயிருக்கும், அடுத்த போகத்துக்கு விதைத்துக்கொள்ளலாம். தென்னை என்றால் இருபது வருஷ உழைப்பு ஒரே ராத்திரியில் போகிறது. அப்போது ஒருவர் என்னிடம், நெல்லை விட்டுத் தென்னைக்குப் போனது அவர்கள் முடிவுதானே, கடற்கரை ஓரம் புயல் வரும் என்று தெரியாதா என்றார். டுவோர்கினின் பிரிவை அப்படியே வைத்தால் இப்படிக் கேட்க இடம் இருக்கிறது. ஆனால் அவர்கள் ஏன் தென்னைக்குப் போனார்கள்? பேராவூரணி கல்லணைக் கால்வாயின் கடைமடை. வாய்க்கால் தண்ணீரை நம்பி நெல் போட்டவர் எத்தனை வருஷம் தாங்குவார்? போர்வெல் போட்டு, தென்னை வைத்தார்கள். அந்த முடிவை அவர்கள் எடுத்தார்கள், உண்மை. எடுக்க வைத்தது அவர்கள் மடை இருந்த இடம். எது என் தேர்வு, எது என் சூழ்நிலை என்று கத்தி வைத்து வெட்ட முடியாது என்பதை இந்தத் தோப்புகளைப் பார்த்த பிறகு எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

1999-ல் எலிசபெத் ஆண்டர்சன் என்ற தத்துவவாதி இந்த அதிர்ஷ்டக் கணக்கையே எதிர்த்து எழுதினார். நிவாரணம் கேட்டு வருகிறவரிடம் உன் தப்பா, விதியா என்று விசாரிக்கிற அரசு அவரை அவமதிக்கிறது. சமத்துவத்தின் நோக்கம் அதிர்ஷ்டத்தைச் சமன் செய்வதில் இல்லை, ஒருவர் முன்னால் ஒருவர் குனியாமல் நிற்கும்படி உறவுகளை மாற்றுவதில் இருக்கிறது என்றார். டெல்டாவில் இதைப் புரிந்துகொள்ளப் புத்தகம் தேவையில்லை. சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்த பண்ணைகளில் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவும் தோழர்களும் சங்கம் கட்டினார்கள். 1952-ல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் தலித் கூலித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரை நிலக்கிழார்களின் ஆட்கள் ஒரே குடிசையில் வைத்துக் கொளுத்தினார்கள், பெண்களும் பிள்ளைகளும்தான் அதிகம். கூலி நெல் கொஞ்சம் கூட வேண்டும் என்று அந்தத் தொழிலாளர்கள் கேட்டார்கள், சங்கத்தை விட மாட்டோம் என்றார்கள். அந்தப் பிள்ளைகளுக்குத் தேர்வில் சமவாய்ப்பு இருந்ததா என்று கேட்பதுகூடச் சின்னக் கேள்வியாகிவிடுகிறது. நிமிர்ந்து நின்று கேட்க முடியுமா என்பதே அங்கே கேள்வியாக இருந்தது.

எதிர்த் தரப்பையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ராபர்ட் நோசிக் என்ற அமெரிக்கத் தத்துவவாதி, 1974. வாழ்க்கை ஓட்டப்பந்தயம் அல்ல, நடுவில் நின்று பரிசு கொடுக்கிறவர் யாரும் இல்லை என்றார். என்னிடம் இருப்பது நியாயமாக வந்தது என்றால், உன் வாய்ப்பைச் சமன் செய்ய அதை எடுக்க உனக்கு என்ன உரிமை? ஒரு பெண் இன்னொருவரை விட்டுவிட்டுத் தன்னைக் கட்டிக்கொண்டால், ஒதுக்கப்பட்டவருக்குத் தன்னிடம் புகார் சொல்ல என்ன இருக்கிறது என்று கேட்டார். வலுவான வாதம், சும்மா தள்ளிவிட முடியாது. ஆனால் "நியாயமாக வந்தது என்றால்" என்ற அந்த நிபந்தனை அவருடையதுதான். ஆரம்பத்தில் அநியாயம் நடந்திருந்தால் அதைச் சரிசெய்ய வேண்டும் என்றும் அவரே எழுதினார். வேலி என்ற பெரிய அளவில் எண்ணுகிற நிலம் ஒரு பக்கம், குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாத உழைப்பு ஒரு பக்கம் என்று தலைமுறை தலைமுறையாக இருந்த தஞ்சையில் அந்த நிபந்தனையைச் சோதித்தால் எத்தனை பட்டா தேறும்? 1961 நில உச்சவரம்புச் சட்டம் 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் (நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்) என்றது, 1970-ல் அதை 15 ஆக்கினார்கள். ஒரு பகுதியை அரசு தொட்டது, நிறையத் தொடவில்லை.

நம் அரசியல் சட்டம் இதில் எங்கே நிற்கிறது என்று கேட்பீர்கள். 16-வது பிரிவு அரசு வேலையில் சமவாய்ப்பு என்கிறது, அதே பிரிவு இடஒதுக்கீட்டையும் அனுமதிக்கிறது. வெகுநாள் வரை ஒதுக்கீடு என்பது சமவாய்ப்புக்கு விதிவிலக்கு என்றே படித்தார்கள். 1975-ல் என்.எம். தாமஸ் வழக்கு, கேரளத்திலிருந்து வந்தது: தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பு ஊழியர்களுக்குத் துறைத் தேர்வு தேறக் கூடுதல் அவகாசம் கொடுத்தது சரியா என்று. உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை அது சரி என்றது, ஒதுக்கீடு விதிவிலக்கு அல்ல, சமவாய்ப்பை நடத்திக் காட்டும் வழிகளில் ஒன்று என்ற பார்வை அங்கே உறுதிப்பட்டது. நான் அந்தப் பார்வைக்காரன். ஜான் ரோமர் என்ற பொருளாதார அறிஞர் 1998-ல் சொன்ன ஒரு முறையும் இதோடு சேரும். ஒரே மாதிரிச் சூழ்நிலையில் இருந்தவர்களைத் தங்களுக்குள் வரிசைப்படுத்து. அரசுப் பள்ளி வரிசையில் முதல் பத்து சதவீதத்தில் நிற்பவரும், வசதியான பள்ளி வரிசையில் முதல் பத்து சதவீதத்தில் நிற்பவரும், மதிப்பெண் வேறாக இருந்தாலும், உழைப்பில் சமம் என்று எடுத்துக்கொள். 2020-ல் தமிழ்நாடு மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் கொடுத்த 7.5 சதவீத ஒதுக்கீட்டை அப்படித்தான் நான் புரிந்துகொள்கிறேன்.

இதற்கெல்லாம் மேலே எனக்கு இப்போது முக்கியமாகத் தோன்றுவது 2014-ல் ஜோசப் ஃபிஷ்கின் (முன்னால் சொன்ன ஜேம்ஸ் அல்ல, இவர் வேறொருவர்) எழுப்பிய கேள்வி. பதினாறு வயதில் ஒரே ஒரு பெரிய தேர்வு, வாழ்க்கை முழுவதும் அதில்தான் என்று ஒரு சமூகத்தை அவர் கற்பனை செய்தார். அங்கே தேர்வை எவ்வளவு நியாயமாக்கினாலும் பெற்றோர் எல்லோரும் பிள்ளையை அந்த ஒரே மதகை நோக்கித்தான் தள்ளுவார்கள், பணம் இருப்பவர் முந்துவார். அதனால் மதகை நியாயமாக்குவதோடு மதகுகளைக் கூட்டவும் வேண்டும், ஒன்றில் தவறினால் இன்னொன்றில் நுழைய வழி வேண்டும் என்றார். வேதாரண்யத்திலிருந்து ஒரு பெண் தேர்வுப் பயிற்சிக்காக விடியற்காலை பஸ் பிடித்துத் தஞ்சாவூர் போய்வருவதைப் பார்க்கிறேன். அவள் தோற்றால் அவளுக்கு என்ன மிச்சம் இருக்கிறது என்பதும் சமவாய்ப்பைச் சேர்ந்த கேள்விதான். நீங்கள் கேட்ட ஒரே கேள்வித்தாள் அப்படியே இருக்கட்டும் தம்பி, அதை நான் மாற்றச் சொல்லவில்லை. அந்த ஒரு தாளின் மேல் எவ்வளவு பாரத்தை ஏற்றி வைத்திருக்கிறோம் என்று மட்டும் பாருங்கள்.

அந்த நான்கு மணி நேரக் கணக்கு பின்னால் என்ன ஆயிற்று என்று சொல்ல விட்டுவிட்டேன். அப்பா ஒருநாள் ஊர்க் கூட்டத்தில் எழுந்து, முறை நேரத்தை மதகு திறந்ததிலிருந்து எண்ணாதீர்கள், தண்ணீர் அவரவர் வயலைத் தொட்ட நேரத்திலிருந்து எண்ணுங்கள் என்றார். பெரிய சண்டை. எங்கள் நேரத்தில் கைவைக்கிறாய் என்றார்கள் தலைமடைக்காரர்கள். அவர்கள் சொன்னதும் பொய் இல்லை, மொத்தத் தண்ணீர் அதேதான், இங்கே கூடினால் அங்கே குறையும். கோயில் வாசலில் மூன்று சம்பா பேசினார்கள். கடைசியில் தலைமடையிலிருந்து முதல் ஆளாகச் சரி என்றவர் ஒரு பெரியவர், முந்தின வருஷம்தான் தன் மகளை எங்கள் மடைப் பக்கத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்.